நாலாயிரம் படங்களிலிருந்து ஒரு புத்தகம்

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா இன்னமும் தறியில் உட்காருகிறார். மூன்று வருடமாக எங்கள் தெருவின் நெசவு வேலைகளை ஃபோனில் படம் எடுத்து வருகிறேன். நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. புத்தகமாகப் போட ஆசை. ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. நல்ல கேமரா வாங்கி முதலிலிருந்து எடுக்கலாமா?
– ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: கேமரா வேண்டாம், சகோதரி. அந்தப் பணத்தை அச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் ஃபோன் படம் 10 அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சாகும். வாட்ஸ்அப்பில் போய்வந்த நகல் மட்டும் ஆகாது, அதில் பிக்சல்கள் குறைந்திருக்கும். ஒரிஜினல்களை இன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள்.

நாலாயிரத்தைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955-லும் 1956-லும் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி 767 ஃபிலிம் ரோல்களை எடுத்துத் தள்ளினார். ஏறத்தாழ 27,000 படங்கள். அதில் ஆயிரம் போலப் பிரிண்ட் போட்டு, சுவரில் குத்தியும் தரையில் பரப்பியும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். 1958-ல் பாரிஸில் வெளிவந்த அவருடைய ‘தி அமெரிக்கன்ஸ்’ புத்தகத்தில் இருப்பவை 83 படங்கள்தான். ஒரு புத்தகத்தின் பாதி வேலை இப்படிப் பொறுக்கி எடுப்பதில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை நீங்கள் இன்னும் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபோன் திரையில் பொறுக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு படமும் தனியாக வந்து நின்று, என்னைப் பார் என்று கேட்கும். மனசுக்குப் பட்ட இருநூறை ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு, கூடத்தில் பரப்பி, சில நாள் அப்படியே விடுங்கள். போகிறபோதும் வருகிறபோதும் நகர்த்திப் பாருங்கள். பழைய பாவின், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களின், நுனியோடு புதுப் பாவைப் பிணைப்பார்களே, இழை இழையாக. அந்த விரல்களின் படம் உங்களிடம் நிச்சயம் இருக்கும். தனியாகப் பார்த்தால் சாதாரணப் படம். அதை இடது பக்கத்தில் வைத்து, வலது பக்கத்தில் தெரு நீளத்துக்கு நீட்டிய பாவை வைத்துப் பாருங்கள். இவ்வளவு நீளமும் அந்த விரல் வழியாகப் போக வேண்டும் என்பது படிக்கிறவருக்கு ஒரு வரி எழுதாமலே விளங்கிவிடும். எல்லோரும் லைக் போட்ட சூரிய அஸ்தமனப் படம் இந்த வரிசையில் எங்கே வைத்தாலும் ஒட்டாது. அதை விட்டுவிடத்தான் வேண்டும். வலிக்கும், பரவாயில்லை.

நாற்பது, ஐம்பது படம் தேறினால் போதும். கோடு போடாத நோட்டில் ஒட்டி, பக்கம் புரட்டிப் பாருங்கள். அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 64 பக்கத்துக்குள் அடக்கினால் செலவு கட்டுப்படும். முதலில் டிஜிட்டல் பிரிண்டிங்கில் சில பிரதிகள் மட்டும் போடுங்கள்.

நோட்டை அப்பாவிடம் கொடுங்கள். குறுக்கு நூலுக்குத் தார் சுற்றுவது முன்னால் வந்துவிட்டது, பாவு ஓட்டுவது எங்கே என்று அவர்தான் கேட்பார். படக் குறிப்புகளையும் அவர் சொல்கிற சொற்களிலேயே எழுதுங்கள், கைத்தறிக் கண்காட்சிப் பலகை நடை வேண்டாம்.

அப்புறம், படத்தில் இருக்கிற அக்கம்பக்கத்தாரிடம் அவரவர் பக்கத்தை அச்சுக்கு முன்பே காட்டிச் சம்மதம் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல படமானாலும் நீக்கிவிடுங்கள்.