ஆல்டோ காரின் கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

மாற்றலாம். என் ஆல்டோவுக்கு வீட்டு போர்ட்டிகோவிலேயே மாற்றியிருக்கிறேன். கிளட்சைக் கழற்றி மாட்டுவது சின்ன வேலைதான். அதை எட்டுவதற்காகக் கியர் பாக்ஸை இறக்கித் திரும்ப ஏற்றுவதுதான் நாள் முழுவதையும் விழுங்கும்.

குன்னூர் ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை, கருகல் வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிளேட் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் கேபிள் இறுகியிருந்தாலும் இதேதான் நடக்கும். பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் லூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் திருகி லூஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லையா? சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நான்காவது கியர் போட்டு, மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் பிளேட் இன்னும் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் செட் வாங்கக் கிளம்பலாம்.

செட் என்றால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும். பிளேட் மட்டும் போதும் என்பவர்கள் உண்டு. பேரிங் சத்தம் போட்டால் மறுபடி கியர் பாக்ஸை இறக்கப்போவது அவர்கள் இல்லை, நீங்கள்தான்.

தரை சிமென்ட்டாக இருக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அடுத்ததாகக் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். அதை மறந்து, கியர் பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகும் தண்டான ஆக்சிலை உருவினால் ஆயில் நேராக நெஞ்சில்தான் கொட்டும். வீலைக் கீழே பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டைப் பிரித்து வீலை வெளிப்பக்கம் இழுத்தால், ஹப் நட்டைத் தொடாமலே ஆக்சிலை நெம்பி எடுத்துவிடலாம். ஸ்டார்ட்டர், கிளட்ச் கேபிள், கியர் லிங்க், ரிவர்ஸ் லைட் வயர் எல்லாம் அப்புறம். இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்துவிடுங்கள்.

கியர் பாக்ஸை இறக்கியதும், பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகக் கழற்றினால் ஸ்பிரிங் அழுத்தத்தில் அது கோணிக்கொள்ளும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிளேட் உரசும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டோ, வெடிப்போ, நகத்தில் தட்டுப்படும் பள்ளமோ இருந்தால் லேத் பட்டறையில் காட்டுங்கள். அதன் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும், ஆயில் பட்ட புது பிளேட் ஒன்றுக்கும் உதவாது.

புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் அதைத் துடைத்த பிறகே மாட்டுங்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்கு என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பிரஷர் பிளேட்டை நோக்கி வர வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து பிளேட்டுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்டின் பல்லில் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். அதிகமானால் சுழலும்போது தெறித்து பிளேட்டில்தான் படியும்.

சென்டரிங், அதாவது பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்துவதுதான் இந்த வேலையின் உயிர். பிளாஸ்டிக் சென்டரிங் டூல் உதிரிபாகக் கடையில் கிடைக்கும், பழைய இன்புட் ஷாஃப்ட் இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளலாம். கண் மதிப்பில் வைத்து இறுக்கினால் கியர் பாக்ஸ் ஏறாது. சரியாக வைத்திருந்தாலும் கடைசி அரை அங்குலத்தில் நின்றுகொண்டு அடம்பிடிக்கும். அப்போதுதான் எல்லோருக்கும் போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. கியர் பாக்ஸின் ஹவுசிங் அலுமினியம், போல்ட் மாட்டும் காது உடைந்தால் செலவு எங்கேயோ போய்விடும். ஏதாவது கியரைப் போட்டுவிட்டு, உதவிக்கு இருப்பவரை இன்ஜினின் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் வைத்து மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் கியர் பாக்ஸை நேராகப் பிடித்துக்கொண்டு லேசாக ஆட்டுங்கள். பல்லோடு பல் பொருந்தியதும் 'டக்'கென்று தானாகவே உள்ளே போய் உட்காரும். அதுவரை அதன் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிடாதீர்கள், புது பிளேட் வளைந்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் கியர் ஆயிலை ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கேபிளைப் புதிதாக அட்ஜஸ்ட் செய்யுங்கள். பழைய அளவு புது பிளேட்டுக்குப் பொருந்தாது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள், குன்னூர் அப்புறம் போய்க்கொள்ளலாம். மேட்டில் வண்டியை ஹாஃப் கிளட்சில் நிறுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது.