தேக்கு மச்சைப் பார்த்து ஃப்ளாஷ் அடிக்காதீர்கள்

கேள்வி: அக்கா மகளுக்குத் தை மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், எங்கள் பூர்வீக வீட்டிலேயே கல்யாணம். முகூர்த்தம் காலை ஏழு மணிக்குள். வளவை (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரம்) ஒட்டிய அறையில் பெண்ணுக்கு அலங்காரம். உள்ளே ஆண்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அந்தப் படங்களை எடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு கேமரா, 50 எம்எம் லென்ஸ், ஒரு ஃப்ளாஷ் வைத்திருக்கிறேன். அந்த அறையில் எடுத்துப் பார்த்தால் முகம் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம். தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் தலைகாட்டவே ஆறரை தாண்டிவிடும். ஏழு மணிக்குள் முகூர்த்தம் என்றால் நாலு மணிக்கே பெண்ணை உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே, ‘ஜன்னலோரம் வைத்து எடுங்கள்’ என்று ஊரெல்லாம் சொல்லும் யோசனை உங்களுக்கு உதவாது. அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு.

நீலமும் மஞ்சளும் வருவது கேமராவின் கோளாறு இல்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். சுவரில் இருக்கும் டியூப்லைட் ஏறக்குறைய 6500 கெல்வின், குண்டு பல்பு 2700. இரண்டில் ஒன்றைத்தான் கேமரா வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றை அணைத்தே ஆக வேண்டும். மேக்கப் போடுபவர் எந்த வெளிச்சத்தில் பார்த்துப் பூசுகிறாரோ அது இருக்கட்டும், மற்றது போகட்டும். இதை முதல் நாளே அவரிடம் பேசிவிடுங்கள். காலை நாலு மணிக்கு நீங்களாகப் போய் ஸ்விட்சில் கை வைத்தால் சண்டைதான். பிறகு அதே விளக்கடியில் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸை வைத்துக்கொண்டால் காலை முழுதும் நிறம் மாறாது. ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. வேறு வேகத்தில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழலாம். லென்ஸ் துளை எஃப் 2, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. கொஞ்சம் புள்ளி தட்டினால் தட்டட்டும், ஆச்சிமார் யாரும் பெரிதாக்கிப் பார்க்கப் போவதில்லை.

ஃப்ளாஷ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மண்டபத்தில் பழகிய பழக்கத்தில், ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தேன். மண்டபத்துக் கூரை வெள்ளை. நம் வீட்டு மச்சோ பர்மா தேக்கு, அதுவும் எட்டாத உயரம். பாதி வெளிச்சத்தை மரம் குடித்துவிட்டது, திரும்பி வந்த மீதி காப்பி நிறம். அன்று எடுத்ததில் பெண்ணின் முகம் முழுக்க டிகாக்‌ஷன் ஊற்றியது போல இருந்தது. பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு மச்சை நம்பியது என் புத்தி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புச் சுவர் இருந்தால், ஃப்ளாஷைப் பக்கவாட்டில் அதன் மேல் திருப்புங்கள். பால் போல மென்மையாகத் திரும்பி வரும். ஃப்ளாஷின் நிறம் டியூப்லைட்டை ஒட்டியது என்பதால், அப்போது எரிவது டியூப்லைட்டாக இருக்கட்டும், குண்டு பல்பு வேண்டாம். சுவருக்குப் பச்சை, நீலம் என்று புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இந்த வழி கிடையாது.

பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் விடாதீர்கள். ரசம் போன புள்ளிகளோடு அதில் தெரியும் முகத்துக்குத் தனி அழகு. நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள், இல்லையென்றால் படத்தில் நீங்களும் வருவீர்கள். ஃபோகஸ் கண்ணாடிச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தெரியும் கண்ணில் வையுங்கள்.

இனி, எதை எடுப்பது? பவுடர் பூசுவதை நாலு படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் காத்திருப்பது கைகளுக்காக. ஒரு வீட்டில் பெண்ணின் ஆயா (பாட்டி), ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் ஜடையில் பூவைச் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே, சில்லென்ற ஆத்தங்குடிக் கல்லில் பெண்ணின் கால் விரல்கள் மடங்கியிருந்தன. அந்த இரண்டு படங்களைத்தான் அந்த வீட்டில் பெரிதாகப் போட்டு மாட்டினார்கள். சேலை கட்டி முடிக்கும்வரை கேமராவுக்கு மூடி போட்டே வையுங்கள். நீங்கள் பெண் என்பதாலேயே அதற்கு விலக்கு இல்லை.

கழுத்திரு, அதாவது நகரத்தார் கல்யாணத் தாலி, இந்தப் படங்களில் வராது, திருப்பூட்டும்போதுதானே கழுத்துக்கு ஏறும். மஞ்சள் நூலில் கோத்து வைத்த பிறகு, பெரியவர்களைக் கேட்டு, பகலில் வளவு நிழலில் தட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். நேர் ஃப்ளாஷ் வேண்டாம், தங்கம் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் செதுக்கு வேலை தெரியும். கல்யாணம் முடியும்வரை அந்தப் படம் ஸ்டேட்டஸில் ஏற வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குறிவைப்பது வேறொரு ஐந்து நிமிடத்தை. ஆறே கால் வாக்கில் முற்றத்தில் லேசாக வெளுக்கும். மணைக்கு அழைக்கும்முன் பெண்ணை வளவுத் தூணோரம், வானத்தைப் பார்த்தபடி நிறுத்தச் சொல்லி அக்காவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அந்தப் பக்கத்து பல்புகளை மட்டும் அணைத்தால் போதும். நிழலே விழாத வெளிச்சம் அது, எந்த ஃப்ளாஷும் தராது. ஒரே எதிரி, முற்றத்துக்கு மேல் கட்டும் பந்தல் துணி. சிவப்புத் துணி கட்டினால் பெண்ணும் சிவப்பு, நீலம் கட்டினால் நீலம். வெள்ளைத் துணிதான் வேண்டும் என்று பந்தல்காரருக்கு இன்றைக்கே போன் போடுங்கள். தை பிறந்துவிட்டால் அவர் போனை எடுக்க மாட்டார்.