நீலம் யார் கண்ணில்? – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன். போன வாரம் நேவி ப்ளூ லேப் டிப் (சாயம் ஏற்றிய மாதிரித் துணி) ஒன்று, லைட் பாக்ஸில் டி65 என்கிற பகல்வெளிச்ச விளக்கைப் போட்டுப் பார்த்தபோது பையர் கொடுத்த ஸ்வாட்சோடு (மாதிரித் துண்டோடு) அச்சு அசலாக ஒத்துப்போனது. டிஎல்84 என்கிற கடை ட்யூப்லைட் வெளிச்சம் போட்டால் சிவப்பு டோன் அடிக்கிறது. எதுதான் நிஜ நிறம் என்றால், “பையர் கண்ணுக்கு எது தெரியுதோ அதுதான் நெசம் போ” என்கிறார் மேனேஜர். பார்ப்பவனுக்கு வெளியே உண்மை என்று ஒன்று கிடையாதா?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேனேஜர் பிழைக்கத் தெரிந்தவர். ஆனால் ஏழாம் நூற்றாண்டிலேயே பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி, பையர் யாரும் இல்லாமல், இதைச் சொல்லிவிட்டார்: நீலமும் நீலத்தை அறியும் அறிவும் எப்போதும் சேர்ந்தேதான் கிடைக்கின்றன, எனவே இரண்டும் வேறல்ல. (அவரும் நீலத்தைத்தான் எடுத்துக்கொண்டார், பாருங்கள்.)

இந்தக் கட்சியை மறுத்தவர்களில் எனக்குப் பிடித்தவர், உலகம் மாயை என்றவராக நாம் அறிந்திருக்கும் சங்கரர். தூணைப் பார்ப்பவன் தூணைத்தான் பார்க்கிறான், தூண் என்கிற அறிவை அல்ல என்கிறார் பிரம்மசூத்திர உரையில். பௌத்தர்களிடம் அவர் கேட்பது: ‘வெளியே இருப்பதுபோலத் தோன்றுகிறது’ என்கிறீர்களே, வெளி என்பதே இல்லையென்றால் அந்தப் ‘போல’ எங்கிருந்து வந்தது? விஷ்ணுமித்திரன் மலடி மகனைப் போல இருக்கிறான் என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் துணிக்கு வருவோம். 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் துணி எவ்வளவு ஒளியைத் திருப்பியனுப்புகிறது என்பது நீளமான கணக்கு. கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்றே வகை. அத்தனையையும் மூன்று எண்ணாகச் சுருக்கிவிடுகின்றன. அதனால் வேறு வேறு சாயக் கலவை ஏறிய இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒன்றாகவே தெரியலாம், இன்னொரு விளக்கில் பிரிந்துவிடலாம். ஒவ்வொரு அலைநீளத்திலும் திரும்பும் ஒளியை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோவில் வைத்திருந்தால் இரண்டு துணிகளின் வளைகோடுகள் முதலிலேயே விலகிக் காட்டியிருக்கும். டி65-இல் நீங்கள் எல்லோரும் ‘மேட்ச்’ என்று தலையாட்டிய அந்த நேரத்திலும் அவை வேறாகத்தான் இருந்தன. அந்த வேறுபாட்டை அப்போது யார் கண்ணும் பார்க்கவில்லை.

துணி, விளக்கு, கண் மூன்றும் கூடினால்தான் நிறம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் இரண்டு வெளியே இருக்கின்றன. ‘நிஜ நிறம்’ எது என்றால், எந்த விளக்கில் என்று திருப்பிக் கேட்பேன்.

‘ஸ்பெக்ட்ரோ காட்டுவதும் உன் அறிவில்தானே’ என்பார் தர்மகீர்த்தி கட்சிக்காரர். வாதத்தில் அவரை மடக்க முடியாதென்றே நினைக்கிறேன். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் கூட்டிப்போகலாம். நிறத்தை நீக்கிய சாயக்கழிவு வெறும் தண்ணீராகத்தான் தெரியும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை, ஆனால் பயிர் கருகியது. நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குப் போட, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது அது.

பையரிடம் அவர் ஸ்வாட்சுக்கு எந்தச் சாயங்கள் போட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அதே சாயங்களில் ரெசிப்பி போட்டால் டிஎல்84 தொல்லை பெரும்பாலும் தீரும்.