பழைய நால்வர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மிஸ்டர் பிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘வாட் இஃப்’ ஆல்பத்தைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். ஏமாற்றம்தான். அவர்களுடைய பழைய ‘டு பி வித் யூ’ மாதிரி மனதில் ஒட்டிக்கொள்ளும் பாடல் ஒன்றுகூட இல்லை. பழைய நால்வரும் திரும்பச் சேர்ந்தார்கள் என்பதைத் தவிர இதில் என்ன விசேஷம்? ‘அசல் கூட்டணி’ என்பதே விற்பனைத் தந்திரம் என்று தோன்றுகிறது.

– ர.

அன்புள்ள ர.,

விற்பனைத் தந்திரம் என்கிறீர்கள். நடப்பதுதான். ஆனால் அதற்கு உதாரணம் தேடினால் நான் கிஸ் என்ற ராக் குழுவிடம்தான் போவேன். 1996இல் பழைய நால்வரும் முகச்சாயம் பூசிக்கொண்டு மேடையேறினார்கள், கூட்டம் அலைமோதியது. அந்தச் சூட்டோடு 1998இல் ‘சைக்கோ சர்க்கஸ்’ வந்தது. அட்டையைப் பார்த்தால் அசல் கூட்டணியின் ஆல்பம். உள்ளே டிரம்ஸில் பெரும்பகுதியை வாசித்தது கெவின் வாலன்டைன் என்ற வெளியாள். ஏஸ் ஃப்ரேலி வாசித்திருக்க வேண்டிய கிதார் பல இடங்களில் டாமி தேயர் என்ற இன்னொருவருடையது. நால்வரும் சேர்ந்து வாசித்தது ஒரே ஒரு பாடலில். இதெல்லாம் பின்னால்தான் வெளியே வந்தது.

‘வாட் இஃப்’ விஷயம் வேறு. தொண்ணூறுகளின் கடைசியில் கிதார்காரர் பால் கில்பர்ட் விலகினார், ரிச்சி காட்சன் வந்தார். அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. ஆனாலும் 2002இல் குழு கலைந்தது. 2009இல் பாடகர் எரிக் மார்ட்டின், கில்பர்ட், பேஸ் கிதார் வாசிக்கும் பில்லி ஷீஹன், டிரம்ஸ் வாசிக்கும் பாட் டார்ப்பி நால்வரும் மறுபடி கூடி, முதலில் கச்சேரிகள் செய்தார்கள். அதன் பிறகுதான் ஸ்டூடியோ. இந்த நால்வரின் முந்தைய ஆல்பம் 1996இல் வந்த ‘ஹே மேன்’. ‘வாட் இஃப்’பின் தயாரிப்பாளர் கெவின் ஷெர்லிக்கு, ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிவுசெய்து பிறகு ஒட்டவைப்பது பிடிக்காது. குழுவை ஒரே அறையில் நிறுத்தி, ‘வாசியுங்கள்’ என்று விட்டுவிடுகிறவர். ஆல்பத்தைக் கேட்டால் அது தெரியும். ஓரங்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கின்றன, அதைத் தேய்த்து மழுப்ப யாரும் முயலவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

உங்கள் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. ‘டு பி வித் யூ’ 1992இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடல், சந்தேகமில்லை. ஆனால் எரிக் மார்ட்டின் பதின்வயதில் எழுதத் தொடங்கிய பாட்டு அது. ‘லீன் இன்டு இட்’ ஆல்பத்தில் கடைசிப் பாட்டாக, ஓர் ஓரமாகத்தான் வைத்திருந்தார்கள். அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் கில்பர்ட்டும் ஷீஹனும் என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரில் துளை போடும் மின் டிரில்லின் முனையில் கிதார் பிக்குகளை, அதாவது தந்தி மீட்டும் சிறு தகடுகளை ஒட்டி, அதைச் சுழலவிட்டுத் தந்தியை மீட்டினார்கள். டிரில்லின் ‘ர்ர்ர்’ரோடு ஸ்வரங்கள் தெறிக்கும். இந்தக் குழுவின் சுபாவம் அதுதான். வாசல் வழியாக வந்தவர் வாசலையே வீடு என்று நினைத்துக்கொண்டால் என்ன செய்வது?

சரி, ‘வாட் இஃப்’புக்கே வருகிறேன். எல்லாப் பாட்டும் தேறும் என்று சொல்லமாட்டேன். ‘ஸ்ட்ரேஞ்சர் இன் மை லைஃப்’ பழைய மெதுபாடல் வெற்றியை எட்டிப் பார்க்கிற முயற்சி, எனக்கு ஒட்டவில்லை. ஆனால் ‘அரவுண்ட் த வேர்ல்ட்’டில் கிதாரும் பேஸும் ஒரே ஸ்வரக்கோவையைத் தலைதெறிக்கும் வேகத்தில் சேர்ந்து இழுத்துக்கொண்டு ஓடும் இடத்தைக் கேளுங்கள். ஒருவர் மற்றவருக்குப் பக்கவாத்தியமாக இருப்பதில்லை, இரண்டுமே முன்வரிசை. பேஸ் கிதார் பொதுவாக இப்படி நடந்துகொள்ளாது. ஷீஹன் இருந்தால் நடந்துகொள்ளும்.

அதைவிட முக்கியம் குரல்கள். இந்தக் குழுவில் நால்வரும் பாடினார்கள். மார்ட்டின் முன்னால் பாட, பல்லவியில் மற்றவர்கள் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டார்கள். திறமையான கிதார்காரர் இன்னொருவரைப் பிடித்துவிடலாம், காட்சன் விஷயத்தில் பிடித்தார்கள். ஆனால் நான்கு குரல் கலந்து வரும் அந்த நிறத்தில் ஒன்றை மாற்றினாலும் நிறம் மாறிவிடும். நீங்கள் நேசிக்கும் ‘டு பி வித் யூ’வின் பல்லவியும் அந்த நிறம்தான்.

அப்புறம் ஒரு விஷயம். 2014இல், தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதாக டார்ப்பி வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடத்து ஆல்பத்தில் டிரம்ஸை அவர் கணினியில்தான் அமைத்தார். கச்சேரிகளில் மாட் ஸ்டார் டிரம்ஸில் உட்கார்ந்தார். டார்ப்பியை வீட்டுக்கு அனுப்பவில்லை. மேடையில் சிறு தாளக்கருவிகளோடு நின்று, பல்லவிகளில் தன் குரலைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 2018 பிப்ரவரியில் இறந்தார். டிரம்ஸ் முழுவதையும் அவரே வாசித்த கடைசி மிஸ்டர் பிக் ஆல்பம், நீங்கள் இரண்டு முறை கேட்டு ஒதுக்கிய இந்த ‘வாட் இஃப்’தான்.

மூன்றாவது முறை முழு ஆல்பமும் வேண்டாம். முதல் பாட்டு ‘அண்டர்டோ’ மட்டும் போதும். பல்லவி வரும்போது மார்ட்டினை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்களைக் கேளுங்கள்.