கடைசி நொடியில் கைநழுவிய கேமரா

கேள்வி: ஈபே என்ற இணையதள ஏலத்தில் ஒரு பழைய கேமராவுக்கு 150 டாலர் உச்சத் தொகை கொடுத்திருந்தேன். முடிய நான்கு நொடி இருக்கும்வரை நானே முன்னிலை. திடீரென்று ஒருவர் நுழைந்து 152.50 டாலருக்குத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நான் 180 வரை கொடுத்திருப்பேன். கடைசி நொடியில் நம் சார்பில் ஏலம் கேட்கும் சேவையில் சேரலாமா?

பதில்: வேண்டாம். 180 கொடுக்கத் தயாராக இருந்தவர் ஏன் 150 என்று எழுதினீர்கள்?

உச்சத் தொகையை எழுதியதும் அவ்வளவும் கையை விட்டுப் போய்விடாது. உங்களுக்காக ஏலம் கேட்கும் கணினிக்கு நீங்கள் போடும் எல்லைக்கோடு அது. போட்டியாளரைவிட ஒரு படி மேலே மட்டும் அது கேட்கும். 100 டாலரைத் தாண்டினால் 250 வரை படி இரண்டரை டாலர். அதனால்தான் 152.50. வென்றவர் 155 எழுதினாரா, 400 எழுதினாரா என்பது அந்தத் தொகையிலிருந்து தெரியாது. இரண்டரை டாலரில் விட்டுவிட்டதாக வருந்தாதீர்கள். மனத்திலுள்ள மதிப்பை அப்படியே எழுதுவதுதான் இத்தகைய ஏலத்தில் லாபம் என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இலேயே காட்டிவிட்டார். கடைசி நொடிக்காரர் உங்களிடமிருந்து பறிப்பது, தொகையை ஏற்றுவதற்கான அவகாசத்தை மட்டும்தான். உண்மையான எல்லையை முன்பே எழுதியவருக்கு அந்த அவகாசம் தேவையே இல்லை.

முந்தி எழுதுவது பலன் தரும் ஒரு விலக்கு உண்டு. இருவர் ஒரே உச்சத் தொகையை எழுதினால் முதலில் எழுதியவருக்கே பொருள். இருவரும் 180 என்றால், நேற்றே எழுதியவர் வெல்வார். ஆனால் பின்னால் வருபவர் 180.40 எழுதினால், முழுப் படி இல்லாவிட்டாலும் அவர் ஜெயித்துவிடுவார், விலையும் 180.40இல் நிற்கும். முழு எண்களைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் 181.37 என்று எழுதுங்கள்.

அந்தச் சேவை உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா? அதைவிட மோசமானது, தோற்றவர்களுக்கு வரும் மின்னஞ்சல்: “வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் 150க்கே தருகிறோம், இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்.” தோற்றவருக்கே விற்பவர் பொருளைத் தர முன்வரும் ‘மறு வாய்ப்பு’ என்ற ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறது, மோசடிக்காரர்களுக்கு அதுவே வசதி. தளத்துக்குள் நுழைந்து, உங்கள் செய்திப் பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். தளத்துக்கு வெளியே ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். வாய்ப்பு உண்மையாகவே வந்தாலும் ஏல வரலாற்றைப் பாருங்கள். வென்றவர் இதுவரை எதுவுமே வாங்காத புதுக் கணக்கா? விலையை ஏற்றிவிட விற்பவரே வைத்த ஆளாக இருக்கலாம்.

அந்த ஆளை நீங்களே கண்டுபிடிக்கலாம் என்றால், ஏலம் கேட்டவர்களின் பெயர்களை நட்சத்திரக் குறிகளால் மறைத்து வைத்திருக்கிறார்கள். கடைசி நொடி ஓட்டத்துக்கும் மருந்து இல்லாமல் இல்லை. அமேசான் முன்பு நடத்திய ஏலங்களில், பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருந்தால்தான் ஏலம் முடியும். அங்கே கடைசி நேர ஓட்டம் வெகுவாகக் குறைவு என்று பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸும் 2002இல் எழுதினார்கள். இத்தனை ஆண்டுகளாகியும் ஈபே பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்தே கதவை அடைக்கிறது. “உங்களை முந்திவிட்டார்கள், உடனே தொகையை ஏற்றுங்கள்” என்று அறிவிப்பு அனுப்ப மட்டும் தவறுவதில்லை. அடுத்த கேமராவுக்குத் தொகையை எழுதியதும் முதலில் அந்த அறிவிப்பை நிறுத்திவிடுங்கள்.