ஒரே சாக்கெட் என்ற வாக்கை நம்பிப் பழைய கணினி வாங்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வசிக்கிறோம். படிவம் நான்கில் படிக்கும் மகளின் பள்ளி வேலைக்கும், நான் எழுதும் கோயில் கணக்குக்கும் ஒரு மேசைக் கணினி தேவைப்படுகிறது. கையில் 800 ரிங்கிட் இருக்கிறது. ஈப்போவில் ஒரு கடையில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 ஒன்றை 450 ரிங்கிட்டுக்குத் தருகிறார்கள். அதில் ஐ5-7500 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ளன. ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட ஆப்டிபிளெக்ஸ் 5060-இன் விலை 680 ரிங்கிட். பிராசசரைப் பொருத்தும் இடமான சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான், மலிவானதை வாங்கிவிட்டுப் பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: 680 ரிங்கிட் கணினியை வாங்குங்கள். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஐ5-7500, ஐ5-8500 ஆகிய இரண்டும் எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட்டில்தான் உட்காரும். ஆனால், ஐ5-8500 அடங்கிய எட்டாம் தலைமுறையை இன்டெல் கொண்டுவந்தபோது அந்தச் சாக்கெட்டின் மின் இணைப்புகளில் சிலவற்றின் பயனை மாற்றி, 300 வரிசை சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்டுகளில் மட்டுமே புதிய பிராசசர் இயங்கும்படி வரையறுத்துவிட்டது. 7050-இல் இருப்பது அதற்கு முந்தைய 200 வரிசை மதர்போர்டு. ஐ5-8500 அதில் அழகாகப் பொருந்தும். கணினி மட்டும் உயிர்பெறாது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன், பழுதுபார்ப்பவர்களே இதில் இடறுவதுண்டு.

7050 என்ற எண் 5060-ஐ விடப் பெரியதாயிற்றே என்ற தயக்கமும் வேண்டாம். அந்த வரிசையில் முதல் இலக்கம் கணினியின் தரநிலையைக் குறிக்கிறது. காலத்தைச் சொல்வது மூன்றாம் இலக்கம். 50 என்று முடிபவை 2017-ஐச் சேர்ந்தவை, 60 என்று முடிபவை 2018-ஐச் சேர்ந்தவை.

அந்த ஓராண்டு இடைவெளிக்கு 230 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பதே என் கருத்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசசர்கள், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன, அந்த விதிவிலக்குகளில் ஐ5-7500 இல்லை. கடையில் 7050-இன் திரையிலும் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கலாம். பிராசசர் சோதனையைத் தாண்டி அதை நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. மேலும் ஐ5-7500-க்கு நான்கு கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்; ஐ5-8500-க்கு ஆறு. மகள் பள்ளிக் கழகத்துக்காகக் காணொளி தொகுக்கத் தொடங்கினால் அந்த வேறுபாடு தெரியும். 7050-இல் மெதுவான ஹார்ட் டிஸ்க்கை நீக்கி வேகமான எஸ்எஸ்டி போட்டாக வேண்டும் என்பதால், அதன் உண்மையான விலை 450 ரிங்கிட்டோடு நிற்கவும் போவதில்லை. பணம் அவ்வளவுதான் என்ற நிலை இருந்திருந்தால், 7050-இல் எஸ்எஸ்டி பொருத்தி விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியை இயக்கிப் பாருங்கள். டெல் சின்னம் தோன்றும்போது எஃப்2 விசையைத் தட்டினால் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை திறக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டால், அது முன்பு பயன்படுத்திய அலுவலகம் நீக்காமல் விட்ட பூட்டு; கடைக்காரர் அதை எடுத்துக் காட்டும்வரை வாங்க வேண்டாம். விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். விண்டோஸுக்குள் சென்றபின், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து உரிமம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுசென்றால், அந்த எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது, இன்னும் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். மூடியைத் திறக்கச் சொல்லவும் கூச்சப்பட வேண்டாம். நம் வட்டாரத்துக் கணினிகளுக்குள் தூசியோடு எறும்புக் கூட்டையும் காய்ந்த பல்லியையும் நான் பார்த்திருக்கிறேன்.

மீதமுள்ள 120 ரிங்கிட்டை ஒரேயடியாகச் செலவழிக்காதீர்கள். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் வைஃபை இருக்காது என்பதால் யூஎஸ்பி வைஃபை ஒன்று தேவைப்படலாம். பின்புறம் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்தால், வீட்டிலுள்ள மானிட்டருக்கு ஏற்ற மாற்றியும் வேண்டும். அவற்றுக்குப் பிறகு ரேம். இப்போதுள்ள 8 ஜிபி ஒரே துண்டாக இருந்தால், பின்னர் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 துண்டைச் சேர்ப்பது நல்லது, ஏனெனில் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத இக்கணினியில் திரைக்கான வேலையும் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. மைக்ரோ எனப்படும் மிகச் சிறிய பெட்டியாக இருந்தாலன்றி, மடிக்கணினிக்கான குட்டை ரேம் இதில் பொருந்தாது. விளையாட்டுக்கான பெரிய கிராஃபிக்ஸ் அட்டை போடும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். டெல் தன் பெட்டிக்கென்றே வடிவமைத்த சிறிய பவர் சப்ளை அதைத் தாங்காது, கடைகளில் விற்கும் பொதுவான பவர் சப்ளையும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது.

மாலை நேரத்து இடியை நீங்கள் அறிவீர்கள். திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் இருந்தாலும், வானம் கறுத்ததும் கணினியை முறைப்படி அணைத்துவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கச் சொல்லி மகளைப் பழக்குங்கள். ரூட்டரிலிருந்து கம்பி வழியாக இணையம் எடுத்தால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். செம்புக் கம்பி எதுவானாலும் மின்னலின் தாக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும்.