ஏரியில் போட் ஓட்ட கார்ட் வேணுமா?

தம்பி, ஒன்ராறியோவில் உனக்கு இது முதல் கோடை. கூட்டாளிகள் ஏரிக்கரையில் காட்டேஜ் எடுக்கிறார்கள், அங்கே மோட்டார் போட்டும் வாடகைக்கு உண்டு, "காசல்ரீ டேம் ஓரத்தில வளர்ந்தவனுக்கும் லைசன்ஸ் வேணுமா அண்ணே?" என்று கேட்டிருந்தாய். வேணும்.

கனடாவில் மோட்டார் பூட்டிய எந்த உல்லாசப் படகை ஓட்டவும் தகுதிச் சான்று கையில் இருக்க வேண்டும். சின்ன எலக்ட்ரிக் மோட்டாருக்கும் அதே சட்டம்தான். எல்லாரும் எடுப்பது 'பிளெஷர் கிராஃப்ட் ஒப்பரேட்டர் கார்ட்'. ஒன்லைனில் படித்து 50 கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 75 சதவீதம் எடுத்தால் பாஸ். பிறகு ஆயுளுக்கும் புதுப்பிக்கத் தேவையில்லை. இல்லாமல் பிடிபட்டால் 250 டொலர் அபராதம். கயாக், துடுப்புப் படகு, நுவரெலியா கிரகரி வாவியில் மிதிப்போமே அந்த மாதிரிப் படகு, இதற்கெல்லாம் கார்ட் வேண்டாம்.

புதிதாக வந்தவர்களுக்கு 45 நாள் சலுகை இருக்கிறதாம் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே. அது வெளிநாட்டிலிருந்து சொந்தப் படகோடு வருகிறவர்களுக்கு. உனக்கு உள்ள குறுக்கு வழி வேறு: வாடகைக் கடையில் ஒரு பாதுகாப்புப் பட்டியலை வாசித்துக் காட்டி இருவரும் கையெழுத்துப் போடுவது. அந்த வாடகை முடியும்வரை அதுவே சான்று. சட்டப்படி சரிதான், ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது அவசரமாக வாசிப்பதில் மண்டையில் என்ன ஏறும்? கார்டுக்கே படி.

நான் இப்போது லீவில் இலங்கையில், நம் நோர்வூட்டில்தான் நிற்கிறேன். உன் அம்மாவைக் கண்டேன். போட் என்றதுமே, "அவன தண்ணிப் பக்கமே போக வேணாம்னு சொல்லுங்க தம்பி" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நம் டேம் தண்ணீரைக் குளிர் என்கிறோம். மே மாதத்தில் அங்குள்ள ஏரிகள் பனிக்கட்டி உருகி அதிக நாளாகாதவை. வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் மட்டும் உறைய வைக்கும். அங்கே 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். விழுந்ததும் மூச்சு வாரியடிக்கும், அதை அடக்க 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். நீச்சல்காரனும் அந்த 10 நிமிடத்துக்குப் பிறகு கையைத் தூக்க முடியாமல் தவிப்பான். மிதக்க வைக்க லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருந்தால்தான் அந்த மணி நேரமே கிடைக்கும்.

ஜாக்கெட் ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். நீ போட்டுக்கொண்டே இரு. உள்ளே கனடா அங்கீகார லேபிளும் எடை அளவும் இருக்கிறதா பார். சிப்பை இழுத்து, வார்களை இறுக்கி, கூட்டாளியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது உன் அளவில்லை, மாற்றிக் கேள்.

எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள். நீ விழுந்தால் போட் தானாக நின்றுவிடும். கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டாதே. பியர் கரைக்கு வந்த பிறகுதான். குடித்துவிட்டு போட் ஓட்டி மாட்டினால் ஒன்ராறியோவில் கார் லைசன்ஸும் போகும், அப்புறம் வேலைக்கு பஸ்தான்.